வலது கைக்கு வாங்கிய துப்பாக்கி

எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி வாங்கினோம். துப்பாக்கி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். காற்றின் அழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கிதான், போட்டிகளில் சுடுவதற்கானது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம். ஒரு கையை நீட்டி, அந்த ஒரே கையால் சுட வேண்டும். இன்னொரு கை உதவிக்கு வரக்கூடாது. இந்த ஒரு விதிதான் என் மானத்தை வாங்கியது.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் ஊர்ப் பேச்சில் பீச்சாங்கை. அது எந்த வேலைக்கான கை என்பது சொல்லிலேயே இருக்கிறது. அதை ஒரு பெண் குழந்தைக்குப் பட்டமாகக் கொடுத்தால் அவள் எப்படி வளர்வாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அப்பா 'அந்தக் கை' என்பார். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அந்தக் கையில் ஒரு துணியைச் சுற்றிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மர ஸ்கேல் மீதி வேலையைப் பார்த்தது. பெரியவள் ஆவதற்குள் எழுதுவது, சாப்பிடுவது, கோலம் போடுவது எல்லாமே வலது கைக்கு வந்துவிட்டன. அம்மை இறங்கியதைப் போல அதுவும் இறங்கிவிட்டது என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பத்தான் பார்த்தேன்.

அப்பா ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்யாணக் கூட்டத்தின் முன்னால் புடவைகளை விசிறிப் போடுகிறவர். முகூர்த்தப் பட்டை வலது கையால்தான் எடுத்துத் தர வேண்டும், தவறி இடது கை பட்டுவிட்டால் அந்தப் புடவையை ஒதுக்கிவிட்டு வேறு எடுக்கச் சொல்லும் மாமியார்களும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் வேலை செய்கிறவருக்கு அப்படி ஒரு பெண். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்தவள் என்னைத் துப்பாக்கி கிளப்புக்கு அழைத்துப்போனாள். நீ கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள்தானே, வா என்றாள். திருப்புட்குழி போகும் சாலையில், ஓடாத அரிசி ஆலை ஒன்றின் கொட்டகையில் கிளப் நடந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கேப்டன் அதன் செயலாளர். முதல் நாள் நான் வலது கையால் சுட்ட குண்டுகள் அட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பட்டன. கேப்டன் ஒரு கல்லை எடுத்து என்னிடம் கொடுத்து, அதோ அந்தத் தூணில் எறியுங்கள் என்றார். யோசிக்காமல் இடது கையால் எறிந்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல நின்றேன். அவரோ, அப்படியானால் அந்தக் கையாலேயே சுடுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். வாழ்க்கையில் அதை ஒரு சமாச்சாரமாகவே எடுத்துக்கொள்ளாத முதல் மனிதர் அவர்.

கிளப்பில் ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. அதன் பிடி நேரான கட்டை, எந்தக் கைக்கும் பொதுவானது. அதைக் கொண்டு இடது கையால் சுட்டேன், குண்டுகள் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. ஒரு வருடத்துக்குள் சுற்றுவட்டாரப் போட்டியில் ஒரு கோப்பையும் வாங்கினேன். அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் சுட்டதை அவர் பார்த்ததில்லை. கோப்பையைப் பார்த்து எந்தக் கை என்று யாருக்குத் தெரியும்? நான் சொல்லவில்லை.

அப்போதுதான் பழைய துப்பாக்கியின் சுருள்வில் தளர்ந்து உயிரை விட்டது. மாநிலப் போட்டிக்குப் போக ஆசை இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார் கேப்டன். எங்கள் கிளப்பிலிருந்து பெண்கள் பிரிவில் ஒருத்திதான் சென்னைக்குப் போகலாம். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. பகலெல்லாம் பட்டா நகலும் சாதிச் சான்றும் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன பெருமை இருந்துவிடப் போகிறது?

கேப்டனின் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது இரண்டு போட்டித் துப்பாக்கிகளைக் கொண்டுவந்திருந்தார். விஜயதசமி அன்று காலையில் வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சலவை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், கதம்பம் எல்லாம் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவரைப் போலக் கிளம்பினார்.

கிளப்பில் துப்பாக்கிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அப்பா வாசலில் செருப்பை விட்டுவிட்டு யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் கேப்டன் என்னைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்றை என் இடது கையில் கொடுத்தார். அந்த மாதிரிப் பிடியை நான் அதற்குமுன் கண்டதில்லை. உள்ளங்கைக்கு ஒரு மேடு, கட்டைவிரலுக்கு ஒரு தட்டு, விரல்களுக்குப் பள்ளங்கள் என்று மரத்தைக் குடைந்திருந்தார்கள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கையைப் போல அது என் கையில் பொருந்தியது. இடது கைக்கென்றே ஒருவன் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்த பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விட மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்பா உள்ளே வந்தார். சட்டென்று அதை மேசையில் வைத்துவிட்டேன்.

அப்பாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சரக்கைக் கையில் எடுத்தால் அவர் ஆள் வேறு. இரண்டையும் தூக்கிக் கனம் பார்த்தார். புடவையின் உள்பக்கத்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று அவருடைய வலது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று உட்காரவில்லை. சேதப் புடவையை ஓரமாகத் தள்ளுகிற அதே பாவனையில் அதைத் தள்ளி வைத்தார்.

"இதுல கட்ட கோணலா இருக்குது சார். டேமேஜ் போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்துவிட்டு, அது கோணல் இல்லை, இடது கைக்காரர்களுக்குச் செய்தது, உங்கள் பெண்ணுக்காகவே சொல்லி வரவழைத்தது என்றார்.

அப்பாவும் சிரித்தார். வாடிக்கையாளர் ஏதாவது தப்பாகச் சொன்னால் முகம் கோணாமல் திருத்துவாரே, அந்தச் சிரிப்பு.

"எம்பொண்ணு அந்தக் கை இல்லீங்களே."

கேப்டன் என்னைப் பார்த்தார். கிளப்பில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு வருடமாக நான் எந்தக் கையால் சுடுகிறேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒருவருக்குத்தான் தெரியாது. தெரியாதவராக நின்றாரா, தெரிந்தும் நின்றாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

"வலதுதான் சார்," என்றேன். "அது சும்மா வெளையாட்டுக்கு சுட்டது."

ராணுவக்காரர் அல்லவா, உடனே வலது கைத் துப்பாக்கியை எடுத்து அப்பாவின் தாம்பாளத்தில் வைத்தார். அப்பா தாம்பாளத்தை நீட்டினார். பெரியவர்களிடம் வாங்கும் முறைப்படி வலது கையால் எடுத்துக்கொண்டேன், இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்க. காலமெல்லாம் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போன அப்பா, அன்றைக்குச் சொன்ன விலையை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். வெளியே வந்ததும், கைக்கு நல்ல அடக்கம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டி, கையாலேயே போயிற்று.

அதற்கப்புறம் தினமும் மாலையில் மொட்டைமாடியில் பழகினேன். வலது கை ஒழுங்காகத்தான் நீளும், வட்டத்தின் மேல் போய் நின்றதும் நடுங்கும். குறி பார்க்கும் கண்ணும் எனக்கு இடது கண்தான், அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் அட்டை மங்கலாகத் தெரிந்தது. அப்பா கடையிலிருந்து வந்ததும் மேலே ஏறி வந்து, பழைய பெட்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அட்டையில் எங்கே பட்டாலும் பரவாயில்லை, பட்டது என்பதே அவருக்குப் போதும். பழகப் பழக வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்து வந்தது, கோலம் வந்தது, இது வராதா? இதுவரை வென்ற கை ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்க, இன்னொன்றைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால், சென்னைக்கு யார் போவது என்று முடிவு செய்யும் தேர்வுப் போட்டி வந்தது. அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அதோடு விட்டாரா? கடை முதலாளியையும் அழைத்துக்கொண்டு வந்தார். முதலாளி தன் உறவில் ஒரு பையனை எனக்குப் பார்த்திருந்தார், பேச்சு பாதி முடிந்திருந்தது. வரப்போகும் பெண்ணின் சாமர்த்தியத்தை அவரும் பார்க்கட்டுமே என்று அப்பாவுக்கு.

என் பக்கத்தில் நின்று சுட்டவள் ஒரு கல்லூரிப் பெண், கிளப்புக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். அவளுடைய அட்டையில் ஒரு குண்டு அதிகமாகப் பட்டிருக்கிறது என்றாள். என் குண்டுதான் அது. என் அட்டையை விட்டுவிட்டு அடுத்தவள் அட்டையில் போய் விழுந்திருந்தது. இதைவிடக் கேவலம் இந்த விளையாட்டில் கிடையாது. நடுவர் அதைச் சத்தமாக அறிவிக்க வேண்டும் என்பது முறை, அறிவித்தார். பின்னாலிருந்து அப்பா, அடுத்த அட்டையிலும் பட்டால் இரண்டாகக் கணக்கு வைப்பார்களா என்று யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது. அவர் பெருமையாகக் கேட்டார். ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான்.

நடுவில் கொஞ்சம் ஓய்வு விட்டார்கள். துப்பாக்கியை மேசையிலேயே வைத்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி நின்றேன். என்ன நினைத்தேனோ, அதை இடது கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தட்டு உள்ளங்கையில் குத்தியது. மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. அப்படியும் கை தானாக நீண்டு, வட்டத்தின் மேல் போய் நின்றது. நடுங்கவில்லை. முகத்தைத் திருப்பினால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரமாகக் கீழே வைத்துவிட்டேன். அப்பா எழுந்தார். முதலாளியைத் தாண்டி, சுடும் கோட்டுக்கு அருகில் கேப்டன் நின்ற இடத்துக்கு வந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, கூட்டத்துக்கு நடுவில் புடவை விற்ற குரல் அது.

"சார், எம்பொண்ணு பீச்சாங்கைதாங்க. கொழந்தையில இருந்தே அப்டித்தான். அந்த இன்னொரு துப்பாக்கி இருக்குதுங்களா?"

முதலாளி தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கேப்டன் கொஞ்சம் தயங்கிவிட்டு, அது போன மாதமே விற்றுப்போய்விட்டது என்றார். இருந்தாலும் பாதிப் போட்டியில் மாற்ற முடியாது, வேண்டுமானால் இதையே இடது கையால் சுடலாம், விதியில் தடை இல்லை என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார். பிடித்த புடவையை விட்டுவிட்டுப் போய், ஊரெல்லாம் சுற்றித் திரும்பி வந்து கேட்கிறவர்களிடம் அவரே எத்தனையோ தடவை சொன்ன பதில்தான் அது. என் பக்கம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கையிலயே சுடும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. மறைத்த அப்பாவை நினைத்து எவ்வளவு கூசினேனோ, அதைவிட அதிகமாக, ஊர் நடுவில் என்னைத் திறந்து காட்டிய அப்பாவை நினைத்துக் கூசினேன். ஒரு நல்ல சம்பந்தத்தை அந்த ஒரு வாக்கியத்தில் எனக்காக அவர் கைகழுவிவிட்டார் என்று தெரிந்தும் கூசினேன்.

மணி அடித்தார்கள். எல்லோரும் இப்போது என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடாத கையை ஆடாமல் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும் என்பது கிளப்பில் சொல்லிக்கொடுத்த முறை. இடது கையைக் கொசுவத்துக்குள் மணிக்கட்டு வரை செருகிக்கொண்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருக்க, மீதிக் குண்டுகளையும் வலது கையாலேயே சுட்டு முடித்தேன்.