அப்பா கை தூக்கிய நேரம்

என் சிறு வயதில் அப்பா எங்கள் வீட்டில் முழுசாக இருந்தது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய நாட்களில் மட்டும்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் என்றைக்காவது நான் தூங்கும்போது வந்து, எழுவதற்குள் போய்விடுவார். கொடியில் கிடக்கும் ஈரத்துண்டை வைத்துத்தான் அவர் வந்துபோனதே எனக்குத் தெரியும். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. லாரி முதலாளி யாருக்கும் அசையாதவர்தான், ஆனாலும் அம்மனோடு வம்பு வைத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை. அந்த நாட்களில் மட்டும் விடுப்புக் கொடுத்துவிடுவார்.

திருவிழாவின் கடைசி நாளுக்கு முதல் நாள் கபடி இறுதி ஆட்டம் நடக்கும். எங்கள் ஊர்க் குழுவில் எதிரணிக்குள் பாடிப் போகிறவர் அப்பா. அவர் பாடிப் போனால் மண் அதிரும் என்று பெரியப்பா சொல்வார். பெரியப்பா விழாக் கமிட்டித் தலைவர் என்பதால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் கழித்ததில்லை.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் அப்பாவின் முட்டி வீங்கியிருந்தது. அடுத்த வருடம் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம் என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஆட்டத்தன்று முட்டிக்குத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டே அப்பா, "இதான் கடைசி. நல்லா பாத்துக்க பாப்பா," என்றார். அதை நான் ஒரு பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள் பார்த்து இந்தியாவுக்கும் கிரிக்கெட்டில் இறுதி ஆட்டம் வந்து சேர்ந்தது. காப்புக் கட்டியபோது இந்தியா அவ்வளவு தூரம் வரும் என்று எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. காப்புக் கட்டியபின் நாளை மாற்ற முடியாது. ஆட்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கபடியை யார் பார்ப்பது என்று கமிட்டி கவலைப்பட்டது. பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். பெரம்பலூரிலிருந்து பெரிய திரை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கபடிக் களத்தின் ஒரு முனையிலேயே நட்டுவிட்டார்.

"ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க," என்றார்.

எறையூர் அணி வந்து இறங்கியது. முதல் கொஞ்ச நேரம் பெரியப்பாவின் கணக்கு சரியாகத்தான் போனது. பிறகு திரையில் ஒரு விக்கெட் விழுந்தது. களத்தின் மூன்று பக்கமும் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவித் திரை இருந்த பக்கமே போய்ச் சேர்ந்தார்கள். களத்துக்கும் திரைக்கும் நடுவில் ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது, களத்துக்கு முதுகைக் காட்டியபடி. மைக் பிடித்திருந்தவர் எங்கள் புள்ளிகளைச் சொல்வதை விட்டுவிட்டு ஓட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். நடுவரே விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடிக்கடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

பக்கவாட்டில் நின்ற டிராக்டர் டிப்பரின் விளிம்பில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டில் விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். இந்திய அணியின் நீலச்சட்டை போட்ட என் அண்ணன் கூட்டத்திலிருந்து திரும்பி, "ஏய், அங்க என்னா இருக்கு, இங்க வா," என்று கூப்பிட்டான். போக ஆசையாகத்தான் இருந்தது. எனக்கும் இந்தியா ஜெயிக்க வேண்டும். அன்று காலைதான் அதற்காகச் சாமியிடம் தனியாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நானும் திரும்பிவிட்டால் அப்பாவைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். காதை இந்தியாவிடம் விட்டுவிட்டுக் கண்ணை அப்பாவிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படித் தனியாக இருந்ததில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. திரையை ஒட்டிய பாதி எங்களுக்கு வந்தது. நாங்கள் பின்தங்கியிருந்தோம். அப்பா முட்டியை ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பாடிப் போனார். ஓரத்தில் நின்றவனைத் தொட்டார். காலைப் பிடிக்கப் பாய்ந்தவனையும் தொட்டு உதறிவிட்டு, திரும்பி நடுக்கோட்டை நோக்கி நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அவர் கால் கோட்டைத் தொட்ட அதே நொடியில் ஊர் முழுவதும் எழுந்து கத்தியது.

அப்பா கையைத் தூக்கினார்.

கூட்டம் கத்தியது அவருக்காக இல்லை. திரையில் நம் ஆள் ஒருவன் எகிறிப் பந்தைப் பிடித்திருந்தான். ஒரு தலைகூடக் களத்தின் பக்கம் திரும்பவில்லை. அத்தனை முதுகுகளுக்கு முன்னால் அப்பா கையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றார். பாவம், இவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். தெரியவே கூடாது என்றும் முடிவு செய்தேன்.

நாங்கள் தோற்றோம். இந்தியா ஜெயித்தது. எங்கள் குழு ஜெயித்தால் போடுவதற்கென்று வாங்கி வைத்திருந்த வெடியையெல்லாம் இந்தியாவுக்குப் போட்டார்கள். அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார். "கடைசியா ரெண்டு பேரத் தொட்டேனே, பாத்தியா பாப்பா?"

"பாத்தேன்பா. எல்லாரும் உனக்குத்தான் கத்துனாங்க."

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார்.

"அப்படியா," என்றார். பிறகு, "நீ டிவி பக்கமே போவலியா?"

"இல்லப்பா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை. பொய்யை அவர் நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. பெரியவளாகி, சென்னையில் தனி அறையில் கிரிக்கெட் பார்க்கிற காலத்திலும், எங்காவது கூட்டம் ஆர்ப்பரித்தால் அந்த முதுகுகளும் அப்பாவின் கையும் நினைவுக்கு வரும். எதையும் தெரிந்துகொள்ளாமல் நின்ற மனிதரை நினைத்து மனம் கனக்கும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் அண்ணன் செல்போனில் பழைய ஆட்டங்களை அப்பாவுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கேட்ச்ச நான் அன்னிக்கே பாத்தேன்டா," என்றார் அப்பா.

"நீ எங்கப்பா பாத்த? அன்னிக்கு ஆடிக்கிட்டுல்ல இருந்த."

"பாடிட்டுத் திரும்பி ஓடியாரேன், நேர் எதுக்கத் திரை. நான் கோட்டத் தொடறேன், அவன் பந்தப் பிடிக்கிறான். ஊரே கத்துது. எனக்கும் தானா கை மேல போயிருச்சு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஊரோடு சேர்ந்துதான் அவர் அன்று கை தூக்கியிருக்கிறார். அந்தத் திடலில் தனியாக இருந்தது நான் மட்டும்தான். வீடு வரும்வரை அப்பா என் கையை விடாமல் பிடித்து வந்தது அதைத் தெரிந்துகொண்டுதான்.