ஆட்டுக் கொட்டகையில் ஒரு விமான எண்

சனிக்கிழமை, காலை 7.10. சிரம்பான் ரயில் நிலையத்துக்கு வெளியே குணசேகரின் கார் நின்றது. பின் இருக்கையில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு பாராங் கத்தி, அளவு நாடா, பிளாஸ்டிக் உறையில் ஒரு கையகலக் கணினி. குணா முப்பது வருடம் விமானம் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், இல்லாவிட்டால் தங்கள் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிப் பொழுதைப் போக்குவார்கள். இவர் மட்டும் எங்கோ எப்போதோ விழுந்து கிடக்கிற விமானங்களைத் தேடிப் போய் அவற்றுக்குப் பெயர் சொல்லிவிட்டு வருகிறார்.

நான் கிள்ளானில் முப்பத்தைந்து வருடம் விளம்பரப் பலகை எழுதியவன். முடிவெட்டும் கடை, மளிகைக்கடை, லாரிக் கதவு, கல்யாண மண்டபம் என்று என் எழுத்து படாத தெரு அங்கே குறைவு. விமானத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் குணா என்னை அழைத்துப் போகிறார். இதை அவரே பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை எங்களை அழைத்தவர் லெட்சுமியம்மா, எழுபதைத் தாண்டியவர். அவர் பிறந்த தோட்டத்தின் மலைச்சரிவில் ஒரு விமானம் விழுந்து கிடக்கிறது. கம்யூனிஸ்ட்டுகளோடு பட்டாளம் காட்டில் சண்டை போட்ட அவசரகாலத்தில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது விழுந்ததாம். அதில் தன் அப்பா மாரிமுத்து போனார் என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டம் நம்பவில்லை. மாரிமுத்து பெரட்டுக்கு வரவில்லை, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனான் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயரை அடித்துவிட்டார். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கே பெயர் போனால் ஊரிலும் போன மாதிரிதான். “அந்தக் கப்பல் எதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க தம்பி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

7.35. மம்பாவில் பசியாறினோம். எனக்கு இரண்டு ரொட்டி சானாய், குணாவுக்குத் தோசை, ஆளுக்கு ஒரு தே தாரிக், மொத்தம் ஒன்பது வெள்ளி அறுபது காசு. கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த பாய். எங்கள் பூட்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

“காலங்காத்தால எங்கண்ணே கெளம்பிட்டீங்க?”

“கப்பல் பாக்கப் போறோம் பாய்,” என்றேன்.

“கப்பலுக்கு நேரா போர்டிக்சன் போவணும்லா! நீங்க தோட்டத்துப் பாதைல நிக்கிறீங்க.”

பாய் மேல் தப்பில்லை. தோட்டத்தில் பழைய ஆட்கள் விமானத்தைக் கப்பல் என்றுதான் சொல்வார்கள். ஆகாயக் கப்பலில் ஆகாயம் உதிர்ந்துபோய்க் கப்பல் மட்டும் நின்றது. மலாய்க்காரர்களும் விமானத்தைப் பறக்கும் கப்பல் என்றே சொல்வதால் திருத்த யாரும் இல்லை. விமானம் விழுந்த காட்டுக்கே ‘கப்பல் தீம்பார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பால் வெட்டுகிற ரப்பர்க் காட்டைத்தான் தீம்பார் என்பார்கள். ஆனால் இந்தக் கப்பல் என்ற வார்த்தைதான் லெட்சுமியம்மாவைச் சின்ன வயதிலிருந்து குத்தியிருக்கிறது. மானம் கப்பலேறியது என்று தமிழில் ஒரு வழக்கு இருக்கிறதே, அதைத் தூக்கி இந்தப் பிள்ளை தலையில் போட்டுவிட்டார்கள். “அப்பன் கப்பலேறுனான், குடும்ப மானமும் கப்பலேறுச்சு” என்று குழாயடியில் பாடுவார்களாம். காரில் போகும்போது குணா இதைச் சொன்னார்.

8.30. செண்டாயான். எங்கு பார்த்தாலும் ஒரே அச்சில் வார்த்த புதிய வீடுகள், தொழிற்சாலைகள், இன்னும் பெயர் எழுதாத நுழைவு வளைவுகள். அவ்வளவு பெரிய வெற்றுப் பலகைகளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். இங்கிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்கு முன்னால் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் போய்விடுவார்கள். அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள்.

9.20. காரை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் ஏறினோம். ஒரு காலத்தில் ரப்பர்; இப்போது எல்லாம் செம்பனை. ராத்திரி மழையில் மண் வழுக்கியது. குணா முன்னால் போய்க்கொண்டே, “பாத்து வாங்க, பாத்து வாங்க” என்றார். சொன்னவர் இரண்டு முறை விழுந்தார். நான் ஒரு முறைதான்.

சரிவில் ஒரு பள்ளத்தில் அது கிடந்தது. முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெரணிச் செடிகளைப் பாராங்கால் விலக்கியதும் ஒரு என்ஜின், பத்தடி தள்ளி இன்னொன்று, மண்ணில் புதைந்த காற்றாடியின் வளைந்த இதழ் ஒன்று. இறக்கையின் ஒரு துண்டின் நடுவே ஒரு செம்பனைக் கன்று தானாக முளைத்து நின்றது. குணா மண்டியிட்டு உட்கார்ந்து ஆணிகளின் இடைவெளியை அளந்தார். என்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து உருளைகளை எண்ணினார். இரட்டை என்ஜின் சாமான் விமானம், காட்டுக்குள் இருந்த ராணுவத்துக்கு அரிசி மூட்டை போடுகிற வகை என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த மனிதர், துருவைத் தடவியே இத்தனையும் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நாடாவின் இரண்டு முனையையும் என்னிடமே கொடுத்துவிடுவார்.

ஆனால் எந்த விமானம் என்று சொல்ல எண் வேண்டும்; பழைய கோப்புகளை எண்ணை வைத்துத்தான் தேட முடியும். எண் பொறித்த தகடுகளை எல்லாம் யாரோ எப்போதோ கழற்றிப் போயிருந்தார்கள். முக்கால் மணி நேரம் தேடினோம். வெறுங்கையோடு இறங்கினோம்.

நண்பகல் 12.15. லெட்சுமியம்மாவின் வீடு தோட்டத்து எல்லையில், பழைய பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. ஆள் ஒல்லி, குரல் கனம். எங்களை உட்காரவிடாமல் நேராகப் பின்னால் இருந்த ஆட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். எட்டு ஆடுகள். பின்சுவராக, ஆளுயர அலுமினியத் தகடு ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் கிழிந்திருந்தன. நடுவில் வெளிறிய கறுப்புச் சாயத்தில் மூன்று எண்கள்: 819.

“எங்கம்மா மலையிலேர்ந்து தலையில சொமந்து கொண்டாந்தது. பட்டாளத்துக்காரன் போனப்பறம், ஒத்தையா போயி. எங்க வீடு மாறுனாலும் இது கூடவே வரும்,” என்றார் லெட்சுமியம்மா. பிறகு சிரித்தார். “அப்பாவ நம்பல, ஆனா நம்பர மட்டும் நல்லா நம்புனாங்க. தோட்டமே நாலு நம்பர் வாங்கும், பூஜ்யம் எட்டு ஒண்ணு ஒம்போது. தீபாவளின்னா கண்டிப்பா வாங்குவாங்க. ஒரு தடவ கூட அடிக்கலலா!”

லாட்டரிக் குலுக்கலுக்கு நான்கு எண் வேண்டும். முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். நம்மவர்கள் விபத்தில் நசுங்கிய கார் நம்பரையே விடமாட்டார்கள், விமானத்தை விடுவார்களா?

குணா கையகலக் கணினியைத் திறந்தார். இந்த வகை விமானங்களின் பழைய பதிவுகள், விபத்துக் கோப்புகளின் நகல்கள் எல்லாம் அதில் இருந்தன. நெடுநேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். முகம் மாறியது.

“அம்மா, 819ன்னு ஒரு விமானம் இருந்திருக்கு. ஆனா அது விழவே இல்ல. கடைசி வரைக்கும் பறந்து, வேற நாட்டுல ஒடைச்சு வித்திருக்காங்க. அப்ப இந்தத் தகடு மலையில கெடக்கிற விமானத்தோடது இல்ல. எதாவது இரும்புக் கடையிலேர்ந்து...”

“அப்ப எங்கம்மா பொய் சொன்னாங்களா?”

குணா கணினியை மெல்ல உறைக்குள் தள்ளினார்.

“எழுபது வருஷமா ஊரு சொன்னது பத்தாதுன்னு, நீங்க ரெண்டு பேரும் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து சொல்றீங்களா? சாப்புட்டுப் போங்க. வந்தவங்கள பட்டினியா அனுப்புற வழக்கம் எனக்கு இல்ல,” என்று உள்ளே போய்விட்டார்.

1.40. கோழிக்கறி, ரசம், பயத்தங்காய்ப் பொரியல். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு வருத்தத்தோடு நான் சாப்பிட்டதில்லை. கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாய் கொட்டகைக்கு எதிரில் இருந்தது. கை கழுவிக்கொண்டே தொழில் புத்தியில் அந்த எழுத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சுத் தகட்டை வைத்துச் சாயம் அடித்தவன் அவசரக்காரன், சாயத்தை அதிகமாகத் தோய்த்திருக்கிறான். நானும் ஆரம்பத்தில் அப்படிச் செய்து முதலாளியிடம் திட்டு வாங்கியவன்தான். எண்களின் ஓரத்தில் சாயம் வழிந்து கோடு கோடாக நின்றது.

கோடுகள் மேல்நோக்கிப் போயிருந்தன.

முப்பத்தைந்து வருடத்தில் சாயம் மேலே வழிந்து நான் பார்த்ததில்லை. குழாயை மூடாமலே கத்தினேன். “குணா! இங்க வாங்க! தகடு தலைகீழா நிக்குது!”

இருவரும் ஓடி வந்தார்கள். நான் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். கழுத்து ஒத்துழைக்கவில்லை. குணா கணினியில் படம் எடுத்து, கணினியையே தலைகீழாகப் பிடித்தார். 819 இல்லை. 618.

“எங்கம்மாவுக்கு நம்பர் படிக்கத் தெரியாதுலா,” என்றார் லெட்சுமியம்மா மெதுவாக. “எந்தப் பக்கம் ஆணி அடிக்க வசதியோ அந்தப் பக்கம் அடிச்சிருப்பாங்க.” பிறகு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, தோட்டமே தலைகீழால்ல நம்பர் வாங்கியிருக்கு!”

குணா சிரிக்கவில்லை. கோப்பு கிடைத்துவிட்டது. 618. சாமான் போடப் போய்த் திரும்பவில்லை. விழுந்த இடமாக எழுதியிருந்தது இந்தச் சரிவு. அவர் ஆங்கிலத்தில் வாய்க்குள் படித்து, பிறகு தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ராணுவத்தார் மூவர் இறந்தனர், பெயர்கள் கீழே. நான்காவதாக, மேலிருந்து இடம் காட்ட அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளி ஒருவர். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பெயர் தெரியவில்லை.

மாரிமுத்து ஓடவில்லை. அந்த மலையை அவரைப் போல் அறிந்தவர் இல்லை என்பதால் தேடி வந்து கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு படிக்காத பெண், பட்டாளம் போன பிறகு தனியாக மலையேறி, தன்னால் படிக்க முடியாத ஒரு சாட்சியைத் தலையில் சுமந்து இறங்கியிருக்கிறார். நான் அழுதேன்; அதில் எனக்கு வெட்கம் இல்லை.

லெட்சுமியம்மா அழவில்லை. “பேரு தெரியலையா?” என்றார். உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்து, அடையாள அட்டையை உருவி, கணினியின் மேல் படாரென்று வைத்தார். லெட்சுமி ஏ/பி மாரிமுத்து. இந்த நாட்டில் நம் பெண்கள் எல்லாருடைய அட்டையிலும் மகள் என்பதற்கு அந்த ஏ/பி இருக்கிறது, அதன் பின்னால் அப்பாவின் பெயர்.

“பன்னெண்டு வயசுலேர்ந்து பையிலயேதான் வெச்சிருக்கேன். யாரும் கேக்கலலா.”

பிற்பகல் 3.30. புறப்படும் முன் குணா ஒரு படிவத்தை எடுத்தார். அந்தக் கோப்பை வைத்திருக்கிறவர்களுக்கு, விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுத வேண்டிய விண்ணப்பம். அவருடைய கையெழுத்தைக் கோழிகூடப் படிக்காது, அதனால் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்தப் பலகையையும் அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. மாரிமுத்து என்று எழுதி, அடுத்து ஏ/எல் என்று போட்டேன். மகன் என்று பொருள். அதற்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர் வேண்டும்.

“தாத்தா பேரு என்னம்மா?” என்றார் குணா.

லெட்சுமியம்மா யோசித்தார். “தெரியாதே தம்பி. அக்கரையில ஊர்லேயே செத்துட்டாரு. சொல்றதுக்கு இருந்த ஆளுதான் மலையில கெடக்காரே.”

குணா என்னைப் பார்த்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கும் பயம்தான்.

“அந்த ரெண்டு எழுத்த அடிங்க,” என்றார் லெட்சுமியம்மா. “இத்தன வருஷமா நான் மாரிமுத்து மக. இப்ப எழுதுங்க: மாரிமுத்து, லெட்சுமியோட அப்பா.”

எழுதினேன்.