ஏலக்காய் தெரியாத வகுப்பு

அழகுமலை வாத்தியாருக்கு அன்று காலையில் சோறு இறங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிப் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன். அதற்கப்புறம் விழுந்து புரண்டு பி.ஏ. முடித்து, சென்னைக்குப் போய் எல்.டி.யும் படித்தார். எல்.டி. என்றால் சும்மாவா? பிறருக்கு எப்படிக் கற்பிப்பது என்று கற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற பட்டம். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். அதிகாரி முன்னால் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சையில்தான் போன வருஷம் நாக்குக் குழறிக் கவிழ்ந்தார். இந்தத் தடவை அதிகாரியே போடிநாயக்கனூருக்கு வந்து, அவருடைய பள்ளிக்கூடத்திலேயே பார்க்கப்போகிறார். இதிலும் கவிழ்ந்தால் அவ்வளவுதான், மறு வாய்ப்புக் கிடையாது.

“வெரசாக் கெளம்புங்க. சோத்தைப் போட்டு ஏன் இப்படி உருட்டுறீக?” என்றாள் அவர் மனைவி வேலுத்தாய்.

“கை நடுங்குது, வேலுத்தாயி.”

“கை நடுங்குனா நடுங்கிட்டுப் போகுது. வாய் நடுங்காமப் பாத்துக்கோங்க.”

பாடத்துக்கு அவர் எடுத்திருந்த பொருள் ஏலக்காய். தெரிந்ததில் ஆரம்பித்துத் தெரியாததற்குக் கொண்டுபோக வேண்டும். கற்பிக்கும் முறையில் முதல் விதியே அதுதான். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் தகப்பன்மார் மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு ஏலக்காய் தெரியாமல் வேறென்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுப் பாதையில் தானே ஏறிப்போய், தோட்டத்து மேலாளிடம் பாடத்துக்கென்று கேட்டு, அடியில் காய்ச்சரம் படர்ந்திருந்த செடி ஒன்றை வேரோடு வாங்கிவந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

அதிகாரி வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. பின்னாலேயே, மார்புக் குறுக்கில் போட்ட வாரில் சர்க்கார் முத்திரை பதித்த பித்தளை வில்லை மின்ன ஒரு சேவகன். பிள்ளைகள் எழுந்து கும்பிட்டார்கள். அத்தனை கண்ணும் அந்த வில்லைமேல்தான் இருந்தது. வாத்தியார் எங்கே கவனித்தார்? அவருக்கு அவர் பாடு.

சாக்கை விலக்கிச் செடியைத் தூக்கிக் காட்டினார். “இது என்ன செடி? தெரிஞ்சவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை.

“சோணை, நீ சொல்லு.”

“தெரியாதுங்கய்யா.”

“பால்சாமி?”

“கண்ணால பாத்ததே இல்லீங்கய்யா.”

“சுருளி, நீயுமா?”

“எங்க பக்கம் இதெல்லாம் மொளைக்காதுங்கய்யா.”

அட கடவுளே! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த நாளில் மலையில் விளைகிற ஏலக்காய் முழுக்கத் திருவிதாங்கூர் சர்க்காருக்கே சொந்தம். பறிக்கிறவன் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டினாலும் திருட்டு. அப்படியும் மூடை மூடையாய் மலையிறங்கி வந்துகொண்டுதான் இருந்தது. இதே மாதிரி வில்லை போட்ட காவலர்கள் வீடு புகுந்து துழாவுவதும் உண்டு. அதனால், வில்லை போட்டவன் எவன் கேட்டாலும் ஏலக்காயைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல, நடை பழக்கும்போதே பிள்ளைகளைத் தாய்மார் பழக்கியிருந்தார்கள். வாத்தியார் சமவெளியில் எள்ளும் சோளமும் விளைகிற சிலமலை ஊர்க்காரர். இந்தப் பழக்கம் காதில் விழுந்திருந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. வருகிறவர் பள்ளிக்கூட அதிகாரிதான் என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஏமாற்று ஆகிவிடும் என்று, பெரிய யோக்கியராட்டம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டார்.

அதிகாரி பென்சிலை எடுத்தார். “இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத பொருளையா பாடமாக வைத்தீர்?”

‘நன்றாகத் தெரியும், பயந்துகொண்டு மறைக்கிறார்கள்’ என்று சொன்னால் போதும், பட்டம் பிழைத்துவிடும். ஆனால் ஏன் பயம் என்று அடுத்த கேள்வி வரும். வாசலில் நிற்கிற சேவகனுக்கும் காது இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சோணையின் அப்பன் கையில் விலங்கு விழும். இத்தனை வருஷப் படிப்பு ஐயா, லேசில் விட்டுக்கொடுக்க மனசு வருமா?

“ஆமாம் ஐயா, இவர்களுக்குத் தெரியாது,” என்றார். “தெரியாது என்பதால்தான் எடுத்தேன்.”

சொல்லிவிட்டாரே ஒழிய, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. கையில் இருந்த செடியையே வெறித்துப் பார்த்தார். இலை கண்ணில் பட்டது.

“சரி, இந்த இலையைப் பாருங்கப்பா. உங்க கொல்லையில எந்தச் செடிக்கு இந்த மாதிரி இலை இருக்கு?”

“மஞ்சளுக்குங்கய்யா!”

“இஞ்சிக்குங்கய்யா!”

வகுப்புக்கு உயிர் வந்தது. கிழங்கிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து சரத்துக்கும், சரத்திலிருந்து காய்க்கும் ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கேட்டு ஏற்றினார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களா! சோணை ஒரு காயைப் பிளந்து மூக்கில் வைத்து, “அய்யா, வாசம் வருதுங்கய்யா!” என்று வாயைப் பிளந்தான். படவா, அவன் போர்த்தியிருந்த துண்டிலேயே அந்த வாசம்தான் அடித்தது.

அதிகாரி திடீரென்று குறுக்கே புகுந்தார். “இந்தக் காயை எப்போது பறிக்க வேண்டும்?”

“முத்துனதும் பறிச்சுப்புடணும், பழுக்க விட்டா வெடிச்சுப்போகும்,” என்று பட்டென்று சொல்லிவிட்டான் பால்சாமி.

போச்சு! அதிகாரியின் புருவம் ஏறியது. “இது உனக்கு யார் சொன்னது?”

பால்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாத்தியார் வாய் திறக்கப் போனார், அதிகாரி கையமர்த்திவிட்டார். பையனே சமாளித்தான்.

“எள்ளு அப்பிடித்தானுங்களே வெடிக்கும். இதுவும் வெதை உள்ள காய்தானே, அதான்…”

அதிகாரி பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். “சபாஷ்! கண்ணால் பார்த்திராத பொருளைப் பற்றி அரை மணி நேரத்தில் இவ்வளவு யோசிக்க வைத்துவிட்டீரே. பட்டம் வாங்கச் சென்னைக்கு வரத் தயாராக இரும்.”

வண்டி கிளம்பிப் போனது. வாத்தியார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சோணை மெல்லப் பக்கத்தில் வந்தான். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

“அய்யா, நீங்களும் எங்களை மாதிரியே மறைச்சுப் பேசுனீகளே. உங்க வீட்லயும் மூடை இருக்காய்யா?”

கேலி இல்லை. அவருக்காகப் பயந்துபோய்த்தான் கேட்கிறான். வாத்தியார் வீட்டில் புத்தகத்தைத் தவிர ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

“இருக்குடா,” என்றார். “யார்கிட்டயும் சொல்லிறாத.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்யா,” என்றான் சோணை.