முதுகில் போட்ட கோடுகள்

வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கும் அவரை ஓட்டுநர்கள் எல்லோரும் 'நூலளவு' என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் நூலளவு விலகினாலும் முழுவதையும் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பார். யாரிடமும் தொழில் படித்தவரல்ல. கிழிந்த இருக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்.

ஒரு திங்கட்கிழமை, பஞ்சை ஒட்டப் பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையில் இருந்தபோது முழங்கை அரித்தது. மதியத்துக்குள் கைகளிலும் வயிற்றிலும் முதுகிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தடிப்புகள் எழும்பிவிட்டன. இதே வேலை பார்த்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், பசை ஒத்துக்கொள்ளாமல் போய், கடையை மூடிவிட்டு இப்போது ஏதோ ஒரு அலுவலக வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் தனக்கும் அதே கதிதான் என்று இவர் முடிவே கட்டிவிட்டார்.

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையை முடித்துவிட்டு மனைவி வீடு திரும்பியபோது, அவர் சட்டையைக் கழற்றிப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பசைதான். முப்பது வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப வேலையைக் காட்டுது" என்றார்.

கண்மதிப்பு அவருக்குச் சரிப்படாது; எதற்கும் அளவு வேண்டும். கைக்கு எட்டிய தடிப்புகளின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்திலேயே மணியையும் எழுதியிருந்தார். பெருகுகிறதா என்று தெரிய வேண்டுமே. முதுகுதான் எட்டவில்லை. பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

அவள் நாலு கோடு போடுவதற்குள், பார்க்காமலேயே, "கோணுது" என்றார்.

"முதுகு கோணலா இருக்கு. அதை முதல்ல பிரிச்சுத் தைங்க."

மறுநாள் காலையில் கோடுகள் அப்படியே இருந்தன. உள்ளே தடிப்பைக் காணோம். புதிதாகத் தொடையிலும் கழுத்திலும் கிளம்பியிருந்தது. அன்றும் மறுநாளும் அவர் கடைக்குப் போகவில்லை. மாலையானால் மனைவி பேனாவோடு வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வாள். மூன்றாம் நாள் வரைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு நாளா டப்பாவையே தொடல. பசை என்ன, வீடு தேடி நடந்து வருதா?"

கையோடு கிளினிக்குக்கு அழைத்துப்போனாள்.

உடம்பெல்லாம் வெறும் வட்டங்களும் மணிக் குறிப்புகளுமாக வந்து நின்றவரைப் பார்த்து பெண் மருத்துவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வட்டமாக நின்று படித்தார். ஒரு நாளுக்குள் மறைந்து வேறிடத்தில் எழும்புவது காணாக்கடி என்னும் தடிப்பு நோயின் குணம். பசையால் வருவது பெரும்பாலும் பட்ட இடத்தில்தான் வரும், இப்படி இடம் மாறித் திரியாது என்றார். காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார். இவருக்கு இரண்டு நாளாகத் தொண்டை கரகரப்பு மட்டும். மனைவிக்குப் போன வாரம் இருமல். இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் கொரோனா. அது சிலருக்குத் தோலிலும் இப்படிக் காட்டும், மாத்திரையில் அடங்கும், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் உடனே ஓடி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வாசல் வரை போய்விட்டு அவர் திரும்பினார். "அப்ப பசையைத் தொடலாமா, டாக்டர்?"

"இது அடங்கட்டும். அப்புறம் தொட்டுப் பாருங்க. ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நினைக்கிறேன்."

வீடு வந்ததும் மனைவி, பள்ளிப் பேருந்திலிருந்து தான்தான் இதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"நீ குடுத்ததுன்னா போகட்டும். பசை குடுத்திருந்தாதான் தாங்கியிருக்க மாட்டேன்."

"அப்ப என்னைவிடப் பசைதான் உங்களுக்கு ஒசத்தி" என்றாள். சிரித்தும் விட்டாள்.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தார். முதலில் டப்பாவின் மூடியை நெம்பினார். அன்று வேண்டுமென்றே பசை வேலையை மட்டும் செய்தார். மாலையில் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் தையலைத் தடவிப் பார்ப்பதுபோல், தோளிலிருந்து இடுப்பு வரை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கேயும் இல்ல."

"சரியாப் பாரு."

மறுபடி பார்த்தாள். இல்லை. அவர் மூச்சை விட்டார். அப்போது பேனாமுனை சில்லென்று முதுகில் பட்டு, மெல்லச் சுற்றி வந்து நின்றது.

"கோணுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. நேராத்தான் இருக்கு" என்றார், பார்க்காமலேயே.