நாலாம் நம்பருக்கு ஒரு கரண்டி பால்

என் சித்தி நாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நம்பர்தான். மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கிய அன்று, எல்லோரையும் போல இளைத்துவிட்டாயே என்றோ, கல்யாணம் எப்போது என்றோ அவள் கேட்கவில்லை.

"எந்தெந்த நம்பருக்கெல்லாம் போனே?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல விரல் மடக்கினாள். "ரெண்டு, மூணு, அஞ்சு... நாலுக்குமா போனே? அடிப்பாவி! அங்க எப்படிடி குடிக்கிறாங்க?"

சித்தப்பா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "வந்த பிள்ளைக்கு முதல்ல தண்ணி குடு. உன் ஆபீஸை அப்புறம் திற."

சித்தி வேலை பார்த்தது டீத்தூள் கலந்து, பாக்கெட் போட்டு, எட்டு நாடுகளுக்கு அனுப்பும் கம்பெனியில். அங்கே சுவை பார்ப்பதற்கென்று ஓர் அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், நீளமான வெள்ளை மேடை, அதன் மேல் வரிசையாகக் காது இல்லாத வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் ஓரிடத்தில் சின்ன நீலக்கோடு. காலை எட்டு மணிக்குச் சித்தி போய்த் தூளை நிறுத்து, வெந்நீர் ஊற்றி, ஆறு நிமிஷம் மூடிவைத்து, டிகாஷனைக் கிண்ணங்களில் வடிப்பாள். பிறகு பால். பத்து மணிக்கு டேஸ்டர் வருவார். கரண்டியால் மொண்டு, சத்தமாக உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். அவர் வாயிலிருந்து வரும் வார்த்தைதான் கம்பெனிக்கு வேதம். அவருக்குத் 'தங்கநாக்கு' என்று பெயர். மரியாதையாகத் தங்கநாக்கு சார்.

எட்டு நாட்டுக்கும் பால் வேறு. ஒன்றாம் நம்பரில் கோப்பையில் முதலில் ஆறின பாலை விட்டு அதன் மேல் டிகாஷனை ஊற்றுவார்கள். பால் பிறகு வந்தால் முகம் சுளிப்பார்கள். இரண்டில் தூளைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க வைத்து, சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். மூன்றில் டின்னில் வரும் கெட்டிப்பால். அடியில் படிந்திருக்கும் அதைக் கிளறுவதா, அப்படியே விடுவதா என்பது அங்கே குடும்பச் சண்டை. ஐந்தில் துணிப்பையில் வடிகட்டி, தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு ஊற்றி ஆற்றுவார்கள். சுவை பார்க்கும் அறையில் இத்தனை கூத்துக்கும் இடமில்லை. அதனால் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: எந்த நம்பருக்கு எந்தப் பால், எத்தனை கரண்டி. யார் எப்போது எழுதியதோ தெரியாது. நாலாம் நம்பருக்கு எதிரே 'ஆறின பால், ஒரு கரண்டி' என்று இருந்தது.

நான் நாலாம் நம்பரில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறேன். அங்கே யாரும் கரண்டிக் கணக்கில் பால் விடுவதில்லை. அகலமான இரும்புச் சட்டியில் தண்ணீரும் பாலும் சரிபாதி. தூளை அதில் கொட்டி, உப்புப் போட்டு, அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றியபடி அரைமணி நேரம் கொதிக்க விடுவார்கள். சர்க்கரை என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இதைச் சொன்னதும் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "உப்பா? அரைமணி நேரமா?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதான் ஒன்பது வருஷமா 'உங்க டீ வெந்நீர் மாதிரி இருக்கு'ன்னு லெட்டர் போடறான். இங்க ஒரு கரண்டி பாலை விட்டுப் பார்த்துட்டு, 'பிரமாதமா இருக்கே, இவனுக்கு நாக்குல என்ன கோளாறு'ன்னு பதில் போடறாங்க. கோளாறு அவன் நாக்குல இல்லடி. எங்க அட்டையில."

"தங்கநாக்கு சாருக்குத் தெரியாதா?"

"அவருக்கு என்னத்தைத் தெரியும்?" என்றவள், வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

அன்றுதான் எனக்குச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் தங்கநாக்குக்கு மூக்கு போய்விட்டது. மூக்கு போனால் நாக்கு வெறும் தோல். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் வாசனை ஏறிய ஒரு பெட்டித் தூளை அவர் 'நன்று' என்று எழுதப் போனபோது, எதிரே நின்ற சித்தி இருமினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சித்தி அந்தக் கிண்ணத்தைத் திருப்பினாள். நீலக்கோடு அவருக்கு முதுகு காட்டியது. அவர் 'தள்ளு' என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது; போகப் போக ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அர்த்தம் வந்தது. கோடு அவரைப் பார்த்தால் நல்லது. இடப்பக்கம் இருந்தால் பழசு. வலப்பக்கம் இருந்தால் தீய்ந்தது. முதுகு காட்டினால் தள்ளுபடி. வடித்த பானையின் அடியில் மிஞ்சும் ஒரு வாயை, சுவரைப் பார்த்தபடி சித்தி முன்னாலேயே குடித்துப் பார்த்துவிடுவாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு முறை, கம்பெனிக்கு ஏதோ விருது வந்த சமயத்தில், அவர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் சொன்னாராம்: "நான் ரிட்டயர் ஆகும்போது இந்த நாற்காலி உனக்குத்தான்மா. என் வாயால நானே சொல்வேன்."

அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு அவள் ஆறு வருஷம் கிண்ணம் திருப்பினாள். அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறப்போகிறார் என்ற நேரத்தில்தான் நான் வந்து சேர்ந்திருந்தேன்.

நாற்காலிக்குத் தேர்வு வைப்பார்கள் என்று நோட்டீஸ் வந்தது. சித்தியைத் தவிர இன்னொருவர்தான் பெயர் கொடுத்திருந்தார்: மேனேஜரின் மனைவி வழிச் சொந்தம், எங்கோ ஒரு வருஷம் டீப் படிப்பு படித்துவிட்டு வந்த இளைஞன். தினமும் டை கட்டி வருவான். உறிஞ்சும்போது டை கிண்ணத்தில் விழுந்து நனைந்து, அதுவே அவன் பெயராகிவிட்டது.

"டை நனையாம குடிக்கத் தெரியல, அவன் உனக்குப் போட்டியா?" என்றார் சித்தப்பா.

"கண்ணு வைக்காதீங்க. பேசாம இருங்க."

தேர்வுக்கு முன் ஒரு வாரம் நானும் சித்தியும் நாலாம் நம்பர் டீயைக் காய்ச்சிக்கொண்டே இருந்தோம். கம்பெனித் தூள் கொதிக்கக் கொதிக்கக் கரைந்து, கடைசியில் உப்புப் பால்தான் மிஞ்சியது. சித்தி வேறு வேறு தூளைக் கொண்டுவந்து கலந்தாள். தடித்த, முரட்டு இலை. மேடையில் வைத்தால் எந்த டேஸ்டரும் திரும்பிப் பார்க்காத இலை. அது அரைமணி நேரக் கொதியிலும் அசையாமல் நின்றது. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது டீயா, ரசத்துக்குத் தம்பியா?" என்றார். சித்தி சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

தேர்வன்று பால் ஊற்ற பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் அவள்தான் சாயங்காலம் வந்து சொன்னாள்.

பத்துக் கிண்ணம். எது எந்தத் தூள், எது பழசு, எந்த இரண்டு கிண்ணத்தில் ஒரே தூள் என்று சொல்ல வேண்டும். டை ஆறு சொன்னான். சித்தி பத்தும் சொன்னாள். அதோடு நிற்காமல், நாலாம் நம்பர் கிண்ணத்தைக் காட்டி, "இதுல ஒரு கரண்டி ஆறின பால் விடறதே தப்பு சார். அவங்க உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கிறாங்க. இந்தத் தூள் தாங்காது. எந்தத் தூள் தாங்கும்னு நான் பார்த்து வெச்சிருக்கேன்" என்று கலவையின் அளவையும் சொல்லிவிட்டாள். மேனேஜர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டாராம்: "பத்துக்குப் பத்து எப்படிம்மா? இந்தத் தூளையெல்லாம் தினமும் நிறுத்து வெக்கிறது நீதானே? கண்ணால பார்த்தே சொல்லிடுவியே."

"கண்ணைக் கட்டிவிடுங்க சார், சொல்றேன்."

"அதெல்லாம் எதுக்கு? சார் என்ன சொல்றீங்க?" என்று மேனேஜர் தங்கநாக்கின் பக்கம் திரும்பினார்.

சித்தியும் திரும்பினாள். ஆறு வருஷம் அவர் அவளைப் பார்த்துத்தான் எழுதினார். இப்போது அவள் அவரைப் பார்த்தாள். இவளுக்கு நாக்கு இருக்கிறது என்று அவர் சொன்னால் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். விருதும், ஓய்வுக்குப் பிறகு அவரை ஆலோசகராக வைத்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லியிருந்ததும் அந்தக் கேள்வியில் போய்விடும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பால் ஊத்துற கைக்கு அளவு தெரியும்," என்றார். "நாக்கு வேற விஷயம். அது எல்லாருக்கும் வராது."

பேக்கிங் பெண் இதைச் சொல்லும்போது அழுதாள். "அக்கா, உங்களுக்குக் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே."

"வாய்க்கு எட்டிச்சு," என்றாள் சித்தி. "துப்பச் சொல்லிட்டாங்க. போ, போய்ப் பிள்ளைங்களைப் பாரு."

டை நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்றே மாதத்தில் நாலாம் நம்பருக்குப் புதுக் கலவை போயிற்று. முதல் முறையாகப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள், டையின் நாற்காலிக்குப் பின்னால். சித்திக்கும் ஒன்று கிடைத்தது: ஒரு கேஸ் அடுப்பு. இனி நாலாம் நம்பருக்குத் தினமும் உப்புப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும் அல்லவா? அதற்காக அவள் ஏழரைக்கே போக வேண்டியதாயிற்று.

டைக்காக அவள் ஒரு கிண்ணத்தையும் திருப்பவில்லை. நீலக்கோடுகள் எல்லாம் ஒரே திசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றன. அவன் தப்பாக எழுதினால் தப்பாகவே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தங்கநாக்கு ஆள் விட்டு அனுப்பினார், வீட்டுக்கு வந்து போகும்படி. "போகாதே," என்றார் சித்தப்பா. "அந்த ஆள் முகத்துல முழிச்சா மூணு நாளைக்குச் சோறு கிடைக்காது." சித்தி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நான்.

மாடிப் படியிலேயே எனக்கு வாசனை அடித்தது. அடிப்பிடித்த பால். சாதாரணமாக இல்லை, பாத்திரமே கருகின மாதிரி. அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவரே கதவைத் திறந்தார். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"வாம்மா, வா. நீயும் உட்காரும்மா. இன்னிக்கு என் கையால டீ."

மூன்று கோப்பை வந்தது. பழுப்புத் துணுக்குகள் மிதந்தன. நான் ஒரு வாய் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் சித்தியைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விஷயத்துக்கு வந்தார். மாதம் இரண்டு முறை கம்பெனி அவருக்கு மாதிரித் தூள் அனுப்பும். அவர் பார்த்து எழுத வேண்டும். "அந்தப் பையன் ஏகத்துக்குத் தப்பு விடறான்னு முதலாளி என்னைத்தான் கேட்கிறார். நீ ஒரு ரெண்டு மணி நேரம் வந்து கிண்ணத்தை வெச்சுட்டுப் போனா போதும். எப்பவும் போல." அந்த 'எப்பவும் போல'வைச் சொல்லும்போது அவர் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் முதலாளியே இங்க வர்றார், இதைப் பேசத்தான். என் கை டீ குடிக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அதுக்குத்தான் ரெண்டு லிட்டர் பாலைச் சேர்த்துக் காய்ச்சிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் சித்தியின் குதிகால் என் பாதத்தில் அழுந்தியது. எலும்பு வலித்தது.

"டீ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். கேள்வி சும்மா கேட்டதல்ல. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி காத்திருந்தார்.

சித்தி கடைசி மடக்கையும் குடித்தாள். "நல்லா இருக்கு சார்."

"பால்?"

"பதமா இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தனக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். "பாத்தியா, கை இன்னும் போகல. அப்ப நீ எப்ப வர்றே?"

"எனக்கு இப்ப காலையில ஏழரைக்கே வேலை சார். உடம்பு தாங்காது." எழுந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரம் மூடியிருந்தது. அதை அவள் திறந்து பார்க்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "என்ன சித்தி இது? பாவம் இல்லையா? முதலாளி ஒரு வாய் வெச்சாலே எல்லாம் தெரிஞ்சுபோயிடுமே."

"தெரியட்டும்."

"தெரிஞ்சா உனக்கு நாற்காலி கிடைக்குமா?"

"எனக்கு எங்கடி கிடைக்கப்போகுது? இன்னொரு டை வருவான்." வேகமாக நடந்தாள். நான் கூட ஓட வேண்டியிருந்தது. முனையில் ஒரு குழாயைப் பார்த்ததும் நின்று வாய் கொப்பளித்தாள். மூன்று முறை, நான்கு முறை. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "தீய்ஞ்சது போகவே மாட்டேங்குது" என்றாள்.

முதலாளி போனாரா, குடித்தாரா என்று அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள், பால் காய்ச்ச.