நாரிப் பட்டிக்குள் ஒரு பிஸ்டல்

1. அத்தான் ஒரு நாடகம் எழுதினார்.
2. அதன் கடைசிக் காட்சியில் மணப்பெண் கூறைச் சேலைக்குள் இருந்து ஒரு பிஸ்டலை எடுத்து மாப்பிள்ளையின் தகப்பனுக்கு நேரே நீட்டுவாள்.
3. மணப்பெண் நான்.
4. பிஸ்டல் விளையாட்டுச் சாமான். ஆனால் இரும்பு. அது விளையாட்டு என்பது பொலிசுக்காரருக்குத் தெரிய வழியில்லை.
5. என் அகதி வழக்குக்கு மூன்று வருடமாக முடிவு வரவில்லை.
6. பிஸ்டலை உடம்பில் வைக்க ஐந்து இடம் பார்த்தேன். ஐந்தாவது சுகமாக இருந்தது.
7. அந்தச் சுகத்தோடு கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன்.
8. விழுந்தது நான் மட்டுமல்ல.

இனி விபரம்.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். கிழமை நாட்களில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். சனி ஞாயிறுகளில் நாடகாசிரியர். லண்டனில் ஆர்ச்வே என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா நடக்கும். வருடா வருடம் அதற்கு அவர்தான் நாடகம். அந்த வருடம் சீதனக் கொடுமை. மணப்பெண் பிஸ்டல் எடுப்பதோடு சீதனம் ஒழிந்துவிடும்.

பிளாஸ்டிக் துவக்கு ஒன்று கடையில் ஐம்பது பென்சுக்கு வாங்கலாம் என்று நான் சொன்னேன்.

"உனக்கு விசரே?" என்றார் அத்தான். "ஆர் வந்து பாக்கப் போயினம் எண்டு யோசி. எங்கட சனம். தூரத்தில சத்தம் கேட்டாலே என்ன துவக்கு, எங்க செய்தது எண்டு சொல்லுற சனம். பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் நீட்டினால் கடைசி வரிசையில இருந்து சிரிப்பாங்கள்."

அதில் நியாயம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர் இரும்பில் வார்த்த பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்தார். சுடாது. மற்ற எல்லாம் செய்யும்.

அதை எங்கே வைத்திருப்பது என்பது அடுத்த கேள்வி. அக்கா, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் அந்தச் சனியன் வரக் கூடாது என்றாள். பெற்றோல் ஸ்டேஷனில் வைத்தால் அத்தானைக் கொள்ளைக்காரன் என்று பிடிப்பார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பூட்டுப் போடுகிற அலுமாரி இல்லை. எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வாடகை அறை மட்டும் இருந்தது. என்னிடம் இல்லாதவற்றின் காரணமாகப் பிஸ்டல் என்னிடம் வந்தது.

"கொண்டு திரி," என்றார் அத்தான். "பாரம் உடம்புக்குப் பழகினால்தான் மேடையில இயல்பா வரும்."

என் லோயர் ஒரு தமிழ் அண்ணை. வழக்குக் கோவையை மூடும்போதெல்லாம் ஒரே வசனம்தான் சொல்லுவார்: "தங்கச்சி, முடிவு வருமட்டும் ரிக்கெட் இல்லாமல் பஸ்சிலகூட ஏறாதேங்கோ. ஒரு சின்னக் கேஸ் எண்டாலும் திருப்பி அனுப்பக் காரணம் தேடுறவைக்கு நாங்கள் காரணம் குடுத்ததாப் போகும்." ரிக்கெட் பற்றித்தான் அவர் யோசித்தார். பிஸ்டல் அவருடைய கற்பனைக்குள் வரவில்லை. நானும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

பைக்குள் போடலாமே என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் லண்டனில் குண்டுப் பயம். பெரிய கடை வாசலிலும் நூலக வாசலிலும் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பையைச் சோதித்தார்களே தவிர பெண்ணின் இடுப்பை யாரும் சோதித்ததில்லை. ஆகவே உடம்புதான் பாதுகாப்பு. இது என் தர்க்கம். இப்போதும் அதில் பிழை தெரியவில்லை.

நான் தராசு திருத்தும் பட்டறையில் வேலை செய்தேன். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததற்கு இங்கே கிடைத்தது அதுதான், பிடித்தும் இருந்தது. எந்தச் சிக்கலையும் முதலில் நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். பிஸ்டலைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய், திருத்தி முடித்த இறைச்சிக் கடைத் தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்துப் பத்துக் கிராம். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் என்ன அது என்று கேட்டார். ஆட்டு ஈரல் என்றேன். வைக்கும்போது டங்கென்று கேட்டதே என்றார். உறைந்த ஈரல் என்றேன்.

முதலாவது இடம், சேலைக் கொசுவம். மேடையில் அங்கே இருந்துதான் எடுக்க வேண்டும். அறைக்குள் உடுத்திப் பார்த்தேன். ஏழாவது அடியில் கொசுவம், பிஸ்டல், என் மரியாதை மூன்றும் சேர்ந்து தரைக்கு வந்தன. உள்பாவாடை நாடா ஒரு சேலையைத் தாங்கக் கட்டுவது. ஆயுதக் கிடங்கைத் தாங்க அல்ல.

இரண்டாவது, ஜீன்சின் பின்பக்கம், முதுகோடு. படங்களில் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். படங்களில் ஒருவரும் பார்க்கிங்கில் இருந்து மூர்கேற் ஸ்டேஷன் வரை ரயில் ஆசனத்தில் சாய்ந்து போவதில்லை. நான் போனேன். இறங்கும்போது என் முதுகெலும்பில் பிஸ்டலின் மாதிரி இலக்கம் பதிந்திருந்தது.

மூன்றாவது, கோட்டுப் பை. கோட்டு வலது பக்கம் ஒரு சாண் இறங்கித் தொங்கியது. பஸ் தரிப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பொத்தானை மாறிப் போட்டிருக்கிறாய் என்று சொல்லிக் கழற்றிப் போட்டுவிட வந்தாள். நன்றி சொல்லி மற்றப் பக்கம் ஓடினேன்.

நான்காவது, தொடை. சுளுக்குக்குச் சுற்றும் துணியால் கட்டினேன். ஆர்ச்வே ஸ்டேஷனில் இருந்து மண்டபத்துக்குப் போக ஐந்து நிமிடம். எனக்குப் பதினைந்து. நடந்து வந்ததைப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை பாத்த நடையா?" என்றார் அத்தான். சட்டைக்குள் வைப்பது பற்றிப் பரிசீலிக்கவில்லை. அங்கே ஏற்கனவே இடநெருக்கடி.

ஐந்தாவது இடம் மருந்துக் கடையில் கிடைத்தது. நாரிப்பிடிப்புக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, போடும் அகலமான இலாஸ்டிக் பட்டி. அதைத் திருப்பிப் போட்டு, பழைய ஜீன்ஸ் காலில் வெட்டிய துணியால் இடதுபக்க வயிற்றோரம் ஒரு பை தைத்தேன். பை கொஞ்சம் சரிவாக. பாரம் முழு இடுப்புக்கும் பிரிந்தது. நின்றேன், இருந்தேன், படி ஏறினேன், பஸ்சுக்கு ஓடினேன். அசையவில்லை. நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். சில வேளை அது இருப்பதே மறந்துபோனது. மூன்று ஞாயிறு ஒத்திகைக்குப் போய் வந்தேன், ஒரு குறையும் இல்லை. நாலாவது ஞாயிறு ரயிலில் ஒரு மனிதர் என் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் தந்தார். கோட்டுக்குள் வயிறு முன்னுக்கு நின்றது உண்மைதான். கால் நோவாக இருந்தது. நன்றி சொல்லி அமர்ந்தேன்.

அதே பெட்டியில் கோயில் அன்ரி இருந்ததை நான் காணவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு கடைக்கு மேலே வாடகை மாடியில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. அங்கே அன்னதானச் சமையல் இந்த அன்ரியின் கையில். அரிசியோடு சேர்த்துச் செய்தியையும் அவித்து இறக்குவார். இரவுக்குள் அக்கா ரெலிபோன் எடுத்தாள்.

"உனக்கு எத்தினை மாசமெண்டு அன்ரி கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"தொள்ளாயிரத்துப் பத்துக் கிராம் எண்டு சொல்லுங்கோ."

"பகிடி விடாதை. துவக்கெண்டும் நான் சொல்லேலாது, பிள்ளையெண்டும் சொல்லேலாது. வாற ஞாயிறு கோயிலுக்கு வா. சேலையை இறுக்கி உடுத்துக்கொண்டு வா. சனம் உன்ர வயித்தை வடிவாப் பாக்கட்டும்."

அந்த ஞாயிறு கோயில் முடிந்த கையோடு ஒத்திகை. பிஸ்டல் கூடவே வரத்தான் வேண்டும். வயிறு தட்டையாகவும் இருக்க வேண்டும். பட்டியை அரைவட்டம் சுற்றினேன். பை பின்னால் நாரிக்குப் போனது. சேலையை இறுக்கி உடுத்து, மேலே கம்பளிச் சட்டை. முன்பக்கம் பலகைபோல இருந்தது. நிற்றல், இருத்தல், படி, பஸ் எல்லாவற்றையும் மறுபடி சோதித்துச் சரி போட்டேன்.

தலைகீழ் என்ற நிலை என் பட்டியலில் இல்லை. தினமும் சாமி கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவள், கோயிலுக்குப் போகிறவள், கும்பிடுவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அறுபது பேர் வரை இருந்தார்கள். பெண்கள் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். திரும்பி நின்று பக்கவாட்டையும் காட்டினேன். பூசை முடிந்தது, ஐயர் தீபத்தோடு வெளியே வந்தார். மூன்று வருடமாக நான் முருகனிடம் கேட்டது ஒன்றுதான்: வழக்கு முடிவுக் கடிதம். முழங்காலில் இருந்து, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தேன். அப்போது முதுகில் குளிராக ஏதோ ஊர்ந்தது. நாரியில் இருந்து புறப்பட்ட பிஸ்டல் கம்பளிச் சட்டைக்குள்ளால் வழுக்கி, கழுத்து வழியாக வெளியே வந்து, என் தலைக்கு மேலால் தரையில் விழுந்து, வழுவழுப்பான தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முருகனைப் பார்த்தபடி நின்றது.

இரும்பின் சத்தம் எங்கள் சனத்துக்குத் தெரியும். யாரோ "துவக்கு!" என்றார்கள். அடுத்த கணம் கோயில் முழுக்கத் தரையில். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் தள்ளுப்படவில்லை. குப்புற, கை தலைக்கு மேல், பிள்ளைகள் வயிற்றுக்குக் கீழே. எத்தனையோ தரம் பழகிய வேலை. கையில் தீபம் இருந்தபடியால் ஐயர் மட்டும் நின்றார். இன்னும் நின்றவர்கள் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும்.

"என்னங்க, எதுக்கு எல்லாரும் விழறாங்க?"

"இவங்க வழக்கமா இருக்கும். நாமளும் விழுந்துடலாம்."

அவர்களும் விழுந்தார்கள், மிகுந்த பக்தியோடு.

தலையைத் திருப்பினேன். ஒரு முழம் தள்ளி அன்ரியின் முகம் தரையோடு ஒட்டியபடி என்னைப் பார்த்தது.

"இதோடி உன்ர வயித்தில இருந்தது?"

"ஓம் அன்ரி. அத்தான்ர நாடகத்துக்கு. சுடாது."

"அப்ப பிள்ளை இல்லை?"

"இல்லை."

"முருகா, நீ காப்பாத்திப்போட்டாய்," என்றார். உண்மையிலேயே கண் கலங்கியது.

முதலில் எழும்பியவர் கோயில் பொறுப்பாளர். வேட்டியைத் தட்டிக்கொண்டு சுவரில் இருந்த ரெலிபோனடிக்குப் போனார். "நான் பொலிசுக்கு அடிக்கப் போறன். வீட்டுக்காரன் அறிஞ்சால் எங்களைக் கோயிலோட எழுப்பிப்போடுவான்."

பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் என்பதை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்: பெயர், விலாசம், வழக்கு இலக்கம், விமானம். நாலே வரி.

அன்ரி எழும்பினார். பிஸ்டலைச் சேலைத் தலைப்பால் பிடித்து எடுத்து, தன் அர்ச்சனைத் தட்டில் வைத்து, மேலே வாழைப்பழச் சீப்பைக் கவிழ்த்தார்.

"எங்கயப்பன் துவக்கு? எனக்கொண்டும் தெரியேல்லை."

"அக்கா, விளையாடாதேங்கோ. எல்லாரும் கண்டது."

"கண்டவை சொல்லட்டும்." தரையில் கிடந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் எழும்பவில்லை. கிடப்பதே பாதுகாப்பு என்று எல்லாரும் முடிவெடுத்திருந்தார்கள். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் முடிவு வரேல்லை. நீர் அடியும். அடிச்சுப்போட்டு, நீர் என்ன பேரில, ஆற்ற பாஸ்போட்டில வந்து இறங்கினீர் எண்டதையும் அவங்களுக்குச் சொல்லும். உமக்கு மறந்திருந்தால் நான் சொல்லுறன். அண்டைக்கு உமக்குச் சோறு போட்டது நான்தானே."

தரையில் ஒருவர் இருமினார். அவர் என்ன பேரில் வந்தார் என்பதும் அன்ரிக்குத் தெரிந்திருக்கலாம்.

பொறுப்பாளர் ரெலிபோனை வைத்தார். "எல்லாரும் எழும்புங்கோ, சோறு ஆறுது," என்றார்.

அன்ரி தட்டோடு வீட்டுக்குப் போனார். பிஸ்டலைத் திருப்பித் தரவில்லை. "கடிதம் வந்த பிறகு வந்து கேள்," என்றார். அத்தான் நேரில் போய்க் கேட்டார். சாப்பாடு போட்டு அனுப்பினார்.

ஆண்டுவிழா வந்தது. பிளாஸ்டிக்குக்கு அத்தான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. கூறைச் சேலையோடு, கொசுவத்தில் ஒன்றும் இல்லாமல் மேடை ஏறினேன். என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. மாமனார் சீதனம் கேட்டார். நான் வசனத்தைச் சொல்லி இடுப்புக்குக் கை கொண்டுபோனேன்.

மண்டபம் முழுக்க ஒரே வீச்சில் கதிரைக்குக் கீழே போனது. கோயில் கதை ஆர்ச்வே வரை வந்திருந்தது. இந்த முறை எல்லாரும் சிரித்துக்கொண்டே விழுந்தார்கள். முன்வரிசையில் கோயில் பொறுப்பாளரும் விழுந்திருந்தார். என் கை வெறுங்கையாகத்தான் வெளியே வந்தது. அதைப் பார்க்க மேலே ஒரு தலையும் இல்லை. தான் எழுதியதிலேயே நல்ல முடிவு அதுதான் என்று அத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

நிலவரம்: கடிதம் அடுத்த வருடம் வந்தது, இருக்கலாம் என்று எழுதியிருந்தது. பட்டி என்னிடம்தான் இருக்கிறது. தராசு தூக்கித் தூக்கி எனக்கு இப்போது உண்மையாகவே நாரிப்பிடிப்பு. பிஸ்டல் அன்ரி வீட்டில் அரிசிமா வாளிக்குள் கிடக்கிறது. நான் போய்க் கேட்கவில்லை.