இரண்டு செல்களுக்கு ஒரே புட்டி

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கிருமி அண்டாமல் காற்றை வடிகட்டி இரைந்துகொண்டே இருக்கும் காற்றுப்பெட்டி, உடம்புச் சூட்டிலேயே நிற்கும் இன்குபேட்டர், மூலையில் வெண்புகை கக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி. இருபத்தேழு ஆண்டுகளாக அங்கே அவள் ஆய்வுக்காகக் குடுவையில் வளரும் உயிர்ச் செல்களுக்குச் சோறு போட்டாள். சோறு என்றால் இளஞ்சிவப்பு நீர். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட, "பத்து நிமிஷத்துல வந்துடறேன்டி" என்று ஓடினாள் பாவி. திரும்பி வந்தபோது பேரன் பிறந்து, அழுது, தூங்கியும் போயிருந்தான்.

செல்லின் வரலாறு சொல்லும் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். தக்கையைச் சீவி, உருப்பெருக்கியில் வைத்து, தேனடை போன்ற அறைகளைக் கண்டவருக்குப் பெயர் இருக்கிறது. செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்றவருக்கும், உடம்புக்கு வெளியே கண்ணாடிக் குடுவையில் அதை வாழவைத்தவருக்கும் இருக்கிறது. குடுவையைக் கழுவியவள் யார்? தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

இருபத்தேழாவது ஆண்டில் ஓர் ஆய்விதழ், அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியையின் கட்டுரையை வெளியிடும் முன் செல்லுக்கு மரபணுச் சோதனை கேட்டது. முடிவு இடியாக வந்தது. பதினோரு ஆண்டுகளாகக் கல்லீரல் செல் என்று பேராசிரியை எழுதிவந்தது கல்லீரலே அல்ல. அதே இன்குபேட்டரில் பக்கத்துத் தட்டில் வளர்ந்த புற்றுநோய்ச் செல். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் ரகம் அது. ஒன்று தவறி விழுந்தால் போதும், குடுவை முழுக்க அதுவே நிறைந்துவிடும். உலகத்தில் பல ஆய்வுக்கூடங்கள் இப்படி ஏமாந்திருக்கின்றன.

ஆய்விதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பேராசிரியை நீட்டினார். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

உதவியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த கலப்பு என்றது கடிதம். அதில் அவளுடைய முழுப்பெயர், இனிஷியலோடு, பிழையில்லாமல் இருந்தது. அந்தச் செல்லை வைத்து வெளிவந்த பதினான்கு கட்டுரைகளில் நன்றி சொல்லும் கடைசி வரியில்கூட இடம் பெறாத பெயர்! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

வீட்டில் கணவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுத் தொலைச்சுட்டு வாயேன். இன்னும் ரெண்டு வருஷம்தானே வேலை."

"கம்பி தேஞ்சிருக்கு, மாத்தணும்னு நீங்க சொல்லியும் மொதலாளி மாத்த விடல. லிஃப்ட் விழுது. உங்க பேரை எழுதி நீட்டினா போட்டுத் தொலைப்பீங்களா?"

"ஏன்டி, விழாத லிஃப்டை விழவைக்கிற?"

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"எனக்கும் சேத்துத்தான் நீ படறியே."

அவள் சிரிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரே வகைச் செல், ஒவ்வொன்றுக்கும் தனிப் புட்டி நீர் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. அதை மாற்றச் சொன்னவர் பேராசிரியை. பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஏதோ மாநாட்டு அவசரம். "கலந்துடும் மேடம்" என்று இவள் சொன்னதற்கு, "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஒரே புட்டில முடி" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு குழாயில் கொஞ்சம் செல்லை உறையவைத்துத் தேதி எழுதித் தொட்டியில் போடுவது அவள் வழக்கம். மறுநாள் பழைய குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். நான் விடுப்பில் இருந்தபோது நடந்திருக்கட்டும் கடவுளே என்று மனசுக்குள் கெஞ்சினாள். கடவுள் கேட்கவில்லை. அந்த உத்தரவுக்கு முந்திய குழாய்களில் சுத்தமான கல்லீரல் செல். மூன்று மாதம் கழித்துப் பாதி கலப்பு. ஆறாவது மாதத்தில் கல்லீரல் செல் ஒன்றுகூட இல்லை. ஊற்றியது அவள் கைதான்.

வியாழக்கிழமை அந்த முடிவுகளைப் பேராசிரியையின் மேசையில் வைத்தாள்.

"பாத்தியா, உன் கைலதான் நடந்திருக்கு."

"ஆமா மேடம். என் கைதான். ஒரே புட்டின்னு சொன்னது யாரு?"

"அது எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்ல. நீங்க எழுதணும்னுதான் வந்தேன்."

"நான் சொன்னா? தப்புன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சே ஏன் செஞ்ச?"

அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது.

"அதையும் எழுதுங்க. தெரிஞ்சே செஞ்சாள்னு எழுதுங்க. பயந்து செஞ்சாள்னு எழுதுங்க. யாருக்குப் பயந்தாள்னு பக்கத்துலயே எழுதுங்க. அப்ப போடறேன் கையெழுத்து. இல்லேன்னா இந்த முடிவை ஆய்விதழுக்கு நானே அனுப்பறேன்."

பேராசிரியையின் கண்கள் கலங்கின. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. பேராசிரியை கடிதத்தை இழுத்துத் தன் பெயரையும் உத்தரவையும் கைப்பட எழுதினார். கீழே இவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு செல் அறைக்கு வந்து, பதினோரு ஆண்டுகள் ஊட்டி வளர்த்த அந்தப் பொய்க் குடுவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பிளீச்சிங் நீரை ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்துக்கொண்டே போனது.

கதவு திறந்தது. பேராசிரியை நின்றார். அந்த அறைக்கு அவர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

"நானும் ஊத்தட்டுமா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையுறை போடாம உள்ள வராதீங்க மேடம். கதவைச் சாத்துங்க."